303 பேஸில் எல்லா நோட்டும் வழுக்குகிறது

கேள்வி: பாலிவுட் இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் டிபி-303 பேஸ் சின்த், டிஆர்-808 டிரம் மெஷின் வைத்து ராகங்கள் வாசித்த ஆல்பம் எனக்கு உயிர். அதேபோல சாஃப்ட்வேர் சின்த்தில் முயன்றால் எல்லா ஸ்வரமும் வழுக்குகிறது. ஏன்?

பதில்: உங்கள் சின்த்தில் கிளைடு (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் வசதி) எப்போதும் ஆனில் இருக்கும். மோனோ (ஒரு நேரத்தில் ஒரே நோட்டு), லெகாட்டோ (நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மட்டும் வழுக்கும்) போடுங்கள். கிளைடு 60 மில்லிசெகண்ட். வழுக்க வேண்டிய நோட்டை மட்டும் அடுத்த நோட்டின் மேல் ஏறும்படி நீட்டுங்கள். மற்றவை பாதி ஸ்டெப்பில் (சீக்வென்ஸரின் ஒரு கட்டம்தான் ஸ்டெப்) முடியட்டும். ஒரே சா-டூத் (ரம்பப் பல் வடிவ) அலை போதும்.

பதில்: மாயாமாளவகௌளையில் தொடங்குங்கள். ஷட்ஜம் சி என்றால்: சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. 16 ஸ்டெப்பில் மூன்று ஸ்லைடு (வழுக்கல்) தாண்டாதீர்கள். ரி-க, த-நி இடையே வைத்தால் அத்தனை அழகு! ரெசொனன்ஸ் (ஃபில்டர் வெட்டும் இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டுவது) ஏற்றினால் அடி ஒலி மெலியும், ஃபில்டருக்குப் பின் லேசாக டிஸ்டார்ஷன் சேருங்கள்.

பதில்: கிக் டிரம்முடன் மோதினால் பேஸுக்கு சைட்செயின் போடுங்கள்; கிக் அடிக்கும்போது பேஸ் தானாகத் தணியும்.