மயக்கத்தில் உட்கார வைப்பார்களாம், பிரஷர் தாங்குமா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மயக்க மருந்து டாக்டர்கள் யாராவது குழுவில் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இரண்டு மார்பகத்திலும் அறுவை, கூடவே சிலிக்கோன் வைத்துச் சீரமைப்பு. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, மயக்கத்திலேயே மேசையை நிமிர்த்தி உட்கார வைப்பார்களாம். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். மயக்கத்தில் ரத்தக்குழாய் தளர்ந்திருக்கும். நிமிர்த்தினால் ரத்தம் காலில் தங்கி பிரஷர் இறங்கும் அல்லவா? மெதுவாக, படிப்படியாக நிமிர்த்துவார்களா?

இன்னொன்று, இரண்டு பக்கமும் அறுவை என்பதால் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டாமல் காலில் கட்டுவார்களாம். உட்கார்ந்த நிலையில் கால் காட்டும் அளவு மூளைக்குப் போவதைவிடக் கூடுதலாகத்தானே இருக்கும்? இதை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்? எனக்கு இதுதான் பெரிய கவலை.

அறுவையன்று காலை டெல்மிசார்டனை நிறுத்தச் சொல்வதுண்டாம். எங்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நாங்களாக நிறுத்த மாட்டோம், கேட்டுத்தான் செய்வோம்.

அப்புறம், வருஷக்கணக்கில் நடவு நட்டதில் அக்காவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கொடியில் புடவை போடக்கூடக் கை எழும்பாது. அறுவை மேசையில் கையைப் பக்கவாட்டில் 90 டிகிரிக்கு மேல் விரித்தால் நரம்பு இழுபடும் என்கிறார்கள். இவருக்கு அதற்கும் குறைவாகவே வைக்கச் சொல்லலாமா?

“டாக்டருக்குத் தெரியாததா?” என்கிறார் அத்தான். சரிதான், ஆனால் தோள் வலியை நாம் சொன்னால்தானே தெரியும். திங்கட்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கிறோம். வேறு என்ன கேட்கலாம்?