ஆட்ரி லார்டு பிறந்தநாள் சந்திப்பை எப்படி நடத்தலாம்?

கேள்வி:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆறு பெண்கள். பிப்ரவரி 18 அன்று, அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டின் பிறந்தநாளில், கறுப்பினக் குயர் பெண்களைப் போற்றிக் கூட விரும்புகிறோம். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைய எனக்கு மனமில்லை. கறுப்பினத்தவள், லெஸ்பியன், தாய், போராளி, கவிஞர் என்று எல்லாவற்றையும் சேர்த்தே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர் அவர். நான் 38 வயதில்தான் என் தோழியைத் 'துணைவி' என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தத் துணிவை அவரைப் படித்தே பெற்றேன். என்ன செய்யலாம்?

பதில் 1:
ஒவ்வொருவரும் தங்களைக் குறிக்கும் சொற்களை எழுதுங்கள். எந்தச் சொல்லை யார் முன்னால் விழுங்கிவிடுகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். உரக்கப் படிக்க யாரையும் வற்புறுத்த வேண்டாம். நான் எழுதியபோது 'மகள்' என்ற சொல்லில் கை நின்றுவிட்டது.

பதில் 2:
ஒருவரோடு நிறுத்தாதீர்கள். பாஸ்டனில் இயங்கிய கறுப்பினப் பெண்ணிய அமைப்பான கோம்பாஹி நதிக் குழுவின் 1977 அறிக்கையைச் சேர்ந்து படியுங்கள். கறுப்பின லெஸ்பியன் பெண்கள் எழுதியது. இனம், வர்க்கம், பாலினம், பாலீர்ப்பு ஆகிய ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னியவை என்றது. அந்தப் பெயரே ஒரு வரலாறு: 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அடிமை ஒழிப்புப் போராளி ஹாரியட் டப்மன் வழிகாட்டிய படை 700க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தது தென் கரோலினாவின் அந்த ஆற்றங்கரையில்தான்.

பதில் 3:
தன்னைப் பேணுவது பற்றி லார்டு எழுதியதைப் படிக்கும்போது, அவர் புற்றுநோயோடு போராடியபடி அதை எழுதினார் என்பதையும் சொல்லுங்கள். 1992இல், 58 வயதில் மறைந்தார். அந்த வலியை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கேட்டவர்:
அறிக்கையை ஆறு பகுதிகளாகப் பிரித்துவிட்டேன். முதல் பகுதியை என் துணைவி படிக்கிறார்.