விட்பியில் தங்கலும் சாப்பாடும்: எதைக் கேட்காமல் விட்டோம்?

உப்புக்காற்று

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடலோர ஊர்களான விட்பி, ஸ்கார்பரோ பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் தாள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. துறைமுகப் பெஞ்சில் பாதி தின்று வைத்த சிப்ஸ் (விரல் கனத்துக்கு நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) பொட்டலம். வடகடல் காற்று பத்து நிமிஷம் அடித்ததும், மெழுகுவர்த்தி வழிந்து உறைந்த மாதிரி தாளெல்லாம் வெள்ளைப் படலம். மாட்டுக் கொழுப்பு. "மீன் வேண்டாம், சிப்ஸும் மஷி பீஸும் (பட்டாணி மசியல்) போதும், சைவம்" என்று சொல்லி வாங்கிய பொட்டலம் அது. மீதிப் பாதி வயிற்றுக்குள் போயாச்சு.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். யார்க்‌ஷயரில் பீஃப் டிரிப்பிங்கில், அதாவது உருக்கிய மாட்டுக் கொழுப்பில், பொரிப்பது பரம்பரை வழக்கம், அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. பல கடைகள் பலகையிலேயே எழுதி வைத்திருக்கும். வரிசையில் நிற்கும்போது விலையைப் பார்க்கிற கண் அந்த வரியைப் பார்ப்பதில்லை. கவுண்டரில் "அலர்ஜி ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். சட்டப்படி அவர்கள் சொல்லியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14: பால், முட்டை, மீன், கடுகு, எள், செலரி என்று போகும். மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் "இல்லை" என்று நாம் சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"வெஜிடேரியனா?" என்று கேட்பதிலும் பலன் குறைவு. உருளைக்கிழங்குதானே என்ற நினைப்பில் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். ஆர்டர் சொல்வதற்கு முன்னாடியே கேட்க வேண்டியது இதுதான்: "சிப்ஸை எதில் பொரிக்கிறீர்கள், பீஃப் டிரிப்பிங்கிலா, வெஜிடபிள் ஆயிலிலா?" இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் நேராக வரும்.

நண்டுவலை

கேள்வி சரி. ஆனால் தாளில் வெள்ளை படிந்ததை வைத்து மாட்டுக் கொழுப்பு என்று முடிவு கட்டியது தவறு. பிரிட்டனில் நிறைய சிப்ஸ் கடைகள் பாமாயிலில் பொரிக்கின்றன. அதுவும் குளிரில் உறையும், தாளில் வெள்ளையாகத்தான் நிற்கும். சூரியகாந்தி எண்ணெய், ரேப்சீட் எண்ணெய் மாதிரி திரவமாகவே இருப்பவைதான் உறையாமல் ஊறும். உறைந்தால் மாடு, உறையாவிட்டால் சைவம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். வாயால் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று, சிப்ஸோடு இந்தக் கதை முடியவில்லை. யார்க்‌ஷயர் கடைகளில் "ஸ்கிராப்ஸ்" என்று கேட்டால் பொரிக்கும்போது உதிர்ந்த மாவுத் தூளை அள்ளிப் போடுவார்கள், பெரும்பாலும் இலவசம். அதுவும் அதே கொழுப்பில் வெந்ததுதான். ஞாயிறு மத்தியானம் பப்பில் ரோஸ்ட் சாப்பாடு (அடுப்பில் சுட்ட இறைச்சியும் காய்களும்) வாங்கினால் யார்க்‌ஷயர் புடிங் (முட்டை, மாவு, பால் கரைசலைச் சுட்ட உப்பலான பண்டம்) டிரிப்பிங் ஊற்றிய தட்டில் எழும்பியதாக இருக்கலாம். ரோஸ்ட் உருளைக்கிழங்கு டிரிப்பிங்கிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுத்ததாக இருக்கலாம். "நட் ரோஸ்ட்" (கொட்டைப் பருப்பில் செய்தது) என்று சைவத் தட்டு தனியாகப் போட்டிருந்தாலும், பக்கத்தில் வைக்கிற உருளைக்கிழங்கும் கிரேவியும் பொதுச் சட்டியிலிருந்து வருகிறதா என்று கேட்க வேண்டும். "பை" எனும், உள்ளே பூரணம் வைத்து மாவு மூடிச் சுடுகிற பண்டங்களின் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் பழைய முறை. மஷி பீஸ் பொதுவாகப் பிரச்சினை இல்லை: மாரோஃபேட் பட்டாணியைச் சோடா உப்புப் போட்டு இரவெல்லாம் ஊறவைத்துக் குழைய வேகவைப்பது, அவ்வளவுதான்.

மீனுக்கு வந்தால், யார்க்‌ஷயரில் ஹேடக் மீன், தோலை உரித்துத்தான் பொரிப்பார்கள். தெற்கே காட் மீன் அதிகம், தோலோடு வரும். ஹேடக்கில் இனிப்புத் தூக்கல், இதழ் மெல்லிசு. மாவில் பீர் சேர்க்கிற கடைகளும் உண்டு, மது தவிர்ப்பவர்கள் அதையும் கேளுங்கள். மேசையில் இருக்கிற பழுப்புத் திரவம் வினிகர் என்று நினைப்போம். பல கடைகளில் அது "நான் புரூட் காண்டிமெண்ட்": அசிட்டிக் அமிலம், தண்ணீர், நிறம். மால்ட் வினிகர் மாதிரி பார்லியைப் புளிக்கவைத்துச் செய்ததில்லை என்பதால் பார்லியும் அதில் வராது.

சிப்ஸ் கறுத்து இனிப்பாக இருந்தால் உடனே "பழைய எண்ணெய்" என்று விமர்சனம் எழுதிவிடாதீர்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும், போன வருஷ அறுவடைக் கிழங்கு குளிர்க்கிடங்கில் கிடந்து மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். அது எண்ணெயில் விழுந்ததும் சீக்கிரம் பழுப்பாகும். ஜூலைவாக்கில் புதுக்கிழங்கு வரும்போது ஈரம் அதிகம், சிப்ஸ் தொளதொளக்கும். கடை அதே கடைதான், மாதம்தான் வேறு.

மூன்றாம்மாடி

சாப்பாட்டை விடுங்கள், அறை பற்றி யாரும் பேசவில்லையே. மே மாதம், விட்பியில் ஆற்றுக்கு மேற்கே உள்ள வெஸ்ட் கிளிஃப் பக்கம், "கடல் தெரியும் அறை" என்று கூடுதல் காசு வாங்கிய பி அண்ட் பி (காலைச் சாப்பாட்டோடு அறை தருகிற சிறு விடுதி). காலையில் திரையை இழுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தெருவிளக்குக் கம்பம்கூடத் தெரியவில்லை. அதற்கு உள்ளூர்ப் பெயர் ஃபிரெட். குளிர்ந்த வடகடல் மேல் வெதுவெதுப்பான காற்று வந்தால் அடிப்பக்கக் காற்று குளிர்ந்து மூடுபனியாகிக் கரையேறுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அதிகம். அந்த மாதங்களில் கடல் காட்சிக்குத் தனிக் காசு கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசில் அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள்.

"சீ வியூ", "சைடு சீ வியூ", "பார்ஷியல் சீ வியூ" மூன்றும் ஒன்றில்லை. சைடு என்றால் வளைந்து நீட்டிய ஜன்னலின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிகிற கடல். அந்தத் தெருக்களில் இருப்பவை விக்டோரியா காலத்து நாலு மாடி வரிசை வீடுகள். லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. கடைசி மாடி அறை கூரைச் சரிவுக்கு அடியில், உயரமானவர் ஒரு பக்கம்தான் நிமிர்ந்து நிற்கலாம். மேலே புகைப்போக்கியில் ஹெரிங் கல் (gull) என்கிற கடற்பறவை கூடு கட்டியிருந்தால் ஜூனில் விடிகாலை நாலுக்கே கத்தல் தொடங்கிவிடும். விளக்கப் பக்கத்தில் "டாப் ஃப்ளோர்" என்று போட்டிருந்தால் எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

விலையையும் கவனியுங்கள். சிறிய விடுதிகளில் சில இன்னமும் ஆளுக்கு, இரவுக்கு என்றுதான் விலை போடுகின்றன. 55 பவுண்டு என்று பார்த்து இருவர் இரண்டு இரவு தங்கினால் 110 இல்லை, 220. வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு என்ற நிபந்தனையும் சகஜம். காத் வீக்கெண்ட் (கறுப்பு உடை காத் ரசிகர்கள் கூடுகிற விழா) நடக்கிற நாட்களில் ஊரில் அறை கிடைப்பதே கஷ்டம், தேதியைப் பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

ஆற்றின் கிழக்குக் கரைப் பழைய ஊரில், சர்ச் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்துகளில், காட்டேஜ் எடுத்தால் கார் வாசல் வரை வராது. கல் பாவிய தெருவில் சக்கரப்பெட்டி உருளாது, தோள்பை எடுத்துப் போங்கள்.

வல்லைவெளி

ஓம், எல்லாரும் சிப்ஸ் கடையிலையும் ஜன்னலிலையும் நிக்கிறியள். காலமைச் சாப்பாட்டை ஒருத்தரும் கதைக்கேல்லை. பி அண்ட் பியில முதல் நாள் பின்னேரமே ஒரு அட்டை தருவினம், அதில அடையாளம் போட்டுக் குடுக்க வேணும். வெஜிடேரியன் எண்டு போட்டுக் குடுத்த தட்டில காளானுக்கு அடியில பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் இப்பவும் மனசில உறுத்துது. பிழை எங்க எண்டால், சின்ன அடுப்படியில முட்டை, காளான், தக்காளி எல்லாம் பேக்கன் பொரிச்ச அதே சட்டியிலதான் வேகும். அட்டையில "தனிச் சட்டி வேணும், மரக்கறி எண்ணெய் மட்டும்" எண்டு கையால எழுதிக் குடுங்கோ. எழுதினால் செய்து தருவினம். காலமை எட்டரைக்கு, ஆறு மேசையையும் ஒராள் பாக்கேக்க வாயால சொன்னால் மறந்து போவினம்.

பிளாக் புடிங் எண்ட பேரைப் பாத்து இனிப்பு எண்டு நினைக்காதேங்கோ. பன்றி ரத்தமும் கொழுப்பும் தானியமும் சேத்துச் செய்யிற கறுத்த வட்டம் அது. ஃபிரைட் பிரெட் எண்டால் அந்தச் சட்டிக் கொழுப்பிலேயே பாணைப் போட்டு எடுக்கிறது. அவிச்ச பீன்ஸ், டோஸ்ட், கஞ்சி எண்டால் பயமில்லை.

மீன் சாப்பிடுறவைக்கு ஒண்டு சொல்லுறன், ஒருத்தரும் கேக்காட்டிலும். மேட்டுத் தேவாலயத்துக்கு ஏறுற 199 படிக்குக் கிட்ட ஹென்ரியட்டா ஸ்ட்ரீட்டில ஃபோர்ச்சூன்ஸ் எண்டு புகைபோடுற கடை இருக்கு, 1872இல தொடங்கினது. ஹெரிங் மீனை முதுகுப் பக்கமாக் கீறி விரிச்சு, குடல் எடுத்து, உப்புத் தண்ணியில ஊறவிட்டு, கம்பியில தொங்கவிட்டுப் புகைபோடுறவை. அதுதான் கிப்பர். எங்கட கருவாடு மாதிரிக் காய்ஞ்சிராது, உள்ளுக்கு எண்ணெய் கசியிற மாதிரி மெத்தெண்டு இருக்கும். குளிர்ப் புகையில செய்தது எண்டபடியா மீன் பச்சைதான், சமைச்சுத்தான் சாப்பிட வேணும். ஆனா தங்குற இடத்தில கிரில்லில வைக்காதேங்கோ, மணம் ரெண்டு நாளைக்குத் திரையை விட்டுப் போகாது. உயரமான கூசா (ஜாடி) ஒண்டில வாலை மேல பாத்து நிக்க வைச்சு, கொதிச்ச தண்ணி ஊத்தி மூடி, அஞ்சாறு நிமிஷம் விடுங்கோ. வாலில பிடிச்சு இழுத்து எடுத்து, தண்ணியை வடியவிட்டு, பட்டர் பூசின பாணோட சாப்பிட வேணும். மணமும் அடங்கும், உப்பும் கொஞ்சம் இறங்கும். நடு முள்ளைத் தலைப்பக்கமாத் தூக்கினால் சின்ன முள்ளு பாதி அதோட வந்திடும், மிச்சத்தைக் கையால தேடி எடுக்க வேணும். பிள்ளையளுக்குக் குடுக்கேக்க கவனம். பஸ்ஸில கொண்டு போறதெண்டால் காத்து எடுத்து அடைச்சுத் தரச் சொல்லுங்கோ.

அலைமானி

@மூன்றாம்மாடி, ஃபிரெட் வந்தால் நாள் வீண் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அந்த மூடுபனி கரையோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சில மைல் உள்ளே வெயில் அடிக்கும். விட்பியிலிருந்து குரோஸ்மண்ட், கோத்லண்ட் பக்கம் ரயில் ஏறினால் பல நாளில் கோட்டைக் கழற்ற வேண்டிவரும். கடல் காட்சிக்குக் காசு கொடுக்காதே என்பதும் ஜூன் கடைசிக்குப் பொருந்தாது. விட்பிக் கரை வடக்கு நோக்கியது, கோடை நடுவில் சூரியன் கடல் பக்கமே எழுந்து கடல் பக்கமே மறையும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அந்தி கடலில் தெரிவது அபூர்வம்.

நான் சொல்ல வந்தது வேறு. விட்பி ஆற்றின் மேற்குப் பக்கக் கடற்கரையிலிருந்து சாண்ட்ஸெண்ட் என்ற கிராமத்துக்கு மணலில் நடந்து போய்ச் சாப்பிட்டு வரலாம், சுமார் 3 மைல். போகும்போது ஊர் அகலத்துக்கு மணல். திரும்பும்போது அலை கரைச் சரிவின் அடியை நனைத்துக்கொண்டிருக்கும், நடக்க இடம் இருக்காது. அந்த ஒரு காட்சி போதும், யாரும் அலை அட்டவணை பார்க்காமல் கிளம்ப மாட்டார்கள். இரண்டு ஏற்றத்துக்கு நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிஷம், அதனால் நேற்றைய நேரம் இன்று சுமார் 50 நிமிஷம் தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிசு. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது புறப்படுங்கள், சாப்பாடு தாமதமானால் மேலே சாலையில் பஸ் பிடியுங்கள். ராபின் ஹூட்ஸ் பே (Bay) என்ற கடலோரக் கிராமமும் இப்படித்தான், நீர் ஏறினால் மணல் முழுக்கப் போய் படகு இறக்கும் சரிவு வரை வந்து நிற்கும். கார் நிறுத்துமிடம் மேட்டில், சாப்பிடுகிற இடங்கள் பள்ளத்தில். முட்டி வலி உள்ளவர்கள் திரும்பி ஏறுவதை யோசித்துக்கொண்டு இறங்குங்கள்.

கூழாங்கல்

சாயங்காலம் 8 மணிக்கு ஐந்து நிமிஷம். பப் நிறைய ஆள், அடுப்படி விளக்கு எரிகிறது. "கிச்சன் மூடியாச்சு" என்று பதில். கண்ணெதிரே கடைசித் தட்டு அடுத்த மேசைக்குப் போகிறது. நம் ஊர்க் கணக்கில் எட்டு மணி ராச்சாப்பாட்டுக்குச் சீக்கிரம். அங்கே பல பப்களில் மத்தியானம் 12 முதல் 2.30 வரை, சாயங்காலம் 5 அல்லது 5.30 முதல் 8 வரை, மிஞ்சினால் 8.30. ஞாயிறு ரோஸ்ட் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பப் மூடுகிற நேரமும் சமையல் நிறுத்துகிற நேரமும் வேறுவேறு. அறைக்குள் நுழைகிற நேரம் பொதுவாக 3 அல்லது 4 மணி. பெட்டியை வைத்துவிட்டுக் கொஞ்சம் படுத்தால் சாப்பாடு போச்சு. போய்ச் சேருகிற நாளுக்கு மட்டுமாவது முன்பதிவு செய்யுங்கள்.

வாசலில் ஒட்டியிருக்கும் பச்சை-கறுப்பு ஸ்டிக்கரில் 0 முதல் 5 வரை எண் இருக்கும். அது சுகாதார மதிப்பீடு. ருசிக்கும் எண்ணெய்க்கும் அதில் சம்பந்தமில்லை. இங்கிலாந்தில் அதை ஒட்டுவது கடைக்காரர் விருப்பம், வேல்ஸிலும் வட அயர்லாந்திலும்தான் கட்டாயம். ஸ்டிக்கர் காணோம் என்றால் உணவுத் தர முகமையின் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் எண் வரும்.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு: கல் பறவை பின்னாலிருந்துதான் பாயும். முதுகைச் சுவரில் கொடுத்து உட்காருங்கள், பறவையை நேராகப் பாருங்கள். எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ன்வாலில் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள்: ஆள் உற்றுப் பார்க்கும்போது கல் பறவை உணவை நெருங்கச் சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது.

உப்புக்காற்று

நண்டுவலை சொன்ன பாமாயில் விஷயம் சரி, தாளைப் பார்த்து நான் முடிவு செய்தது தப்பு. ஆனால் அன்றைக்குத் திரும்பிப் போய்க் கேட்டதில் டிரிப்பிங் என்றுதான் சொன்னார்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. "சைவத்துக்குத் தனிப் பேன் (பொரிக்கிற சட்டி) இருக்கிறது" என்று சொன்னாலும் அங்கேயே நிறுத்தாதீர்கள். பொரிக்கிற மேடையில் மூன்று நாலு பேன் வரிசையாக இருக்கும், ஒன்றில் வெஜிடபிள் ஆயில் ஊற்றியிருப்பார்கள். பொரித்து வடித்த சிப்ஸ் அத்தனையும் போய் விழுவது கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற ஒரே சூட்டுப் பெட்டியில். அள்ளுகிற கரண்டியும் ஒன்றுதான். அதனால் இரண்டாவது கேள்வி: "பொரித்த பிறகு எங்கே கொட்டுவீர்கள்?" பேனிலிருந்து நேராகப் பொட்டலத்தில் போடுவதாக இருந்தால் ஐந்தாறு நிமிஷம் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்து வாங்குங்கள்.