பழைய பிக்கப் வண்டி: கதவு தொங்குகிறது, சாவி திரும்ப மறுக்கிறது

கேள்வி:
என் பிக்கப் வண்டிக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஓட்டுநர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது. அப்படிச் சாத்திய பிறகும் பல நேரங்களில் பாதிக் கொக்கியிலேயே நின்றுவிடுவதால், மேடுபள்ளங்களில் கதவு கடகடவென்று ஆடுகிறது. வெளிக் கைப்பிடி எதிலும் மாட்டாததுபோல் தளர்ந்து வருகிறது. உள்ளிருந்து மட்டுமே திறக்க முடிகிறது. சாவி துளைக்குள் போனாலும் திரும்ப மறுக்கிறது. கதவின் அடிமடிப்பில் துரு ஏறி, விரலால் அழுத்தினால் தகடு பொருபொருவென்று உதிர்கிறது. ஸ்ட்ரைக்கரை (கதவின் கொக்கி மாட்டிக்கொள்ளும், வண்டிச் சட்டத்திலுள்ள இரும்புத் துண்டு) கீழே இறக்கினால் போதும் என்று ஒருவரும், கதவையே மாற்றிவிடுமாறு மற்றொருவரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
ஸ்ட்ரைக்கரை இப்போது தொடாதீர்கள். தொங்கும் கதவுக்கு ஏற்றபடி அதை இறக்கினால் சில காலம் கதவு மூடும். ஆனால் கீல் மேலும் தேயும்போது அதே தொல்லை திரும்பிவரும். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக்கொண்டே கீல்களைப் பாருங்கள். கீல் தகடு அசையாமல் ஆணி மட்டும் ஆடினால், ஆணியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் (ஆணி சுழலும் சிறிய குழல்) தேய்ந்துள்ளன என்று பொருள். தகடே தூணிலிருந்து (கீல் பொருத்தப்பட்டுள்ள வண்டிச் சட்டம்) அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தூணின் தகடு விரிசல் விட்டிருக்கலாம்; விரிசல் என்றால் அது வெல்டிங் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

மறுமொழி 2:
கைப்பிடி தளர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம், கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பியின் முனையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருப்பதுதான். உட்பலகையைக் கழற்றினால் கம்பி தனியே தொங்குவது தெரியும். உட்பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டிவிடுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் நீர் இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். கதவுக்குள் தகட்டு விளிம்புகள் கத்திபோல் இருக்கும், கையுறை அவசியம்.

கேட்டவர்:
அசைத்துப் பார்த்தேன். மேல்கீலின் ஆணிதான் ஆடுகிறது, தகடு உறுதியாக இருக்கிறது. கதவைக் கழற்றாமலே ஆணியை மாற்ற முடியுமா? சாவி விஷயத்தில், பூட்டுக்குள் எண்ணெய் விடலாமா?

மறுமொழி 1:
பல வண்டிகளில் முடியும். கதவின் அடியில் ஜாக்கியை வைத்து, இடையில் மரக்கட்டையும் துணியும் கொடுத்து, எடை முழுவதும் அதன்மேல் இறங்கிய பிறகே ஆணியைத் தட்டி வெளியே எடுங்கள். இரண்டு கீல் ஆணிகளையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்; கதவு பார்ப்பதைவிட மிகவும் கனமானது, ஆகவே உடன் ஓர் ஆள் இருக்கட்டும். புஷ் புதிதாக இறங்கியபின் கதவு இடைவெளி சுற்றிலும் சீராக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகே ஸ்ட்ரைக்கருக்கு வாருங்கள். அதைத் தளர்த்துமுன் அதைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால், பழைய இடம் கைநழுவாது.

கொக்கியில் பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருந்தாலும் பாதியில் நிற்கும். கரைப்பானால் கழுவி, உலர்ந்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். கதவு திறந்திருக்கும்போதே திருப்புளியால் கொக்கியைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு முறை ‘கிளிக்’ என்று விழவேண்டும். சோதித்ததும் கைப்பிடியை இழுத்து விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் மூடிய கொக்கி ஸ்ட்ரைக்கரில் மோதி வளைந்துபோகும்.

மறுமொழி 3:
பூட்டுத் துளைக்குள் கெட்டியான எண்ணெய் வேண்டாம். தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். கிராஃபைட் பொடியைச் சிறிதளவு ஊதிவிட்டு, சாவியைப் பலமுறை செருகி எடுங்கள். அதற்கு முன், அதே சாவி மறுபக்கக் கதவில் எளிதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் குறை இந்தப் பூட்டில். அங்கும் இழுபறியாக இருந்தால் சாவிதான் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். மூலச் சாவியின் குறியீட்டு எண் கிடைத்தால் அதைக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பி உள்ளேயே ஒடித்துவிடாதீர்கள்.

துருவைப் பொறுத்தவரை, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து பாருங்கள். அவை அடைத்துக்கொண்டு நீர் தேங்கியதால்தான் அடிமடிப்பு உள்ளிருந்து அரித்திருக்கும். உதிரும் தகட்டின்மேல் பட்டி பூசுவதில் பயனில்லை. நல்ல தகடு வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். அப்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், உட்பலகையும் பிளாஸ்டிக் தாளும் கதவில் இருக்கக்கூடாது. கீலை முதலில் சரிசெய்து கதவு தன் இடத்தில் நின்றபின் வெட்டினால், ஒட்டுத் தகட்டின் அளவு பிசகாது.

கேட்டவர்:
ஆணியும் புஷ்ஷும் மாற்றியாகிவிட்டது. ஸ்ட்ரைக்கரைத் தொடாமலே கதவு இரண்டாவது கொக்கி வரை விழுகிறது. கைப்பிடிக் கம்பியில் கிளிப் இல்லவே இல்லை, புதியது போட்டதும் வெளியிலிருந்து திறக்கிறது. சாவி மறுபக்கத்திலும் இழுபறிதான், எனவே எண்ணைத் தேடிப் புதிதாக வெட்டக் கொடுத்திருக்கிறேன். வடிகால் துளைகளிலிருந்து ஒரு கைப்பிடி ஈரமண் கொட்டியது. வெல்டிங் வரை அவற்றைத் திறந்தே வைத்திருக்கிறேன்.