பழைய பிளேன் மீட்டர்கள்: கையில் வந்த ஒன்றைப் பற்றி எழுதுங்கள் (மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள்)

புளியந்தீவு பிரின்டர்:

டைகர் மொத் என்பது 1930களில் வந்த, இரட்டைச் சிறகுள்ள இங்கிலாந்துப் பயிற்சிப் பிளேன். நேரே விசயத்துக்கு வருகிறேன். மெல்பேர்னில் இருக்கும் பெரியப்பா ஒன்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார். உடம்பு கிடைத்தது, எஞ்சின் கிடைத்தது. மீட்டர்கள் இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. முன்னுக்கு ஒரு கொக்பிட், பின்னுக்கு ஒன்று, எல்லாமே இரண்டிரண்டாகத் தேட வேண்டும். எங்கேயோ தேடி டயல் இல்லாத வேகமானி ஒன்றை எடுத்துவிட்டார். டயலைப் புதிதாக அச்சடித்து விற்கும் ஒருவரிடம் வாங்கினார். எழுத்து தடிப்பாக இருக்கிறது, நீ ஸ்கிரீன் பிரின்ட் செய்கிறவன்தானே, பார்த்துத் திருத்து என்று இரண்டையும் எனக்கு அனுப்பினார்.

எழுத்தைத் தொடுவதற்கு முதல் முள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நினைத்தேன். வேகமானி அளப்பது எதிர்க்காற்று தள்ளும் அமுக்கத்தைத்தான், அதே அமுக்கத்தைத் தண்ணீராலும் கொடுக்கலாம். தெளிந்த பிளாஸ்டிக் குழாயை வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு நுனியை மீட்டரின் காற்று வாயில் மாட்டினேன். மணிக்கு 60 மைல் என்றால் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையே 4.5 சென்டிமீற்றர் வித்தியாசம் வர வேண்டும். 120 மைலுக்கு 18. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நான்கு மடங்கு. 4.5ஐ வைத்தேன். முள் போய் 75இல் நின்றது.

குழாயைக் கழற்றி மாட்டினேன், தட்டிப் பார்த்தேன். திரும்பவும் 75. வீடியோ கோலில் காட்டினேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "மகன், இறங்கேக்க அறுபதை ஒட்டித்தான் வருவம். இத நம்பி அறுபதுக்குக் குறைச்சா, உண்மையில நாற்பதுகளிலதான் நிப்பன்" என்றார். நாற்பதுகளில் அந்தப் பிளேன் மிதப்பை இழந்துவிடும்.

அச்சடித்தவர் அழகுக்காகக் கீழ்ப்பக்க எண்களைச் சம இடைவெளியில் வைத்திருக்கிறார். விற்றவருக்கு எழுதினோம். "காட்சிக்கு மட்டும்" என்று ஒரு வரி பதில் வந்தது. விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இல்லை. டயல் இன்னும் விற்பனையில் இருக்கிறது. இதை வாங்கிய வேறு யாராவது அதோடு பறந்துகொண்டிருப்பார்களா என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

கல்முனை லேத்:

எங்கள் பட்டறைக்கு வந்தது ஒயில் அமுக்க மீட்டர். பேக்கலைட் கூடு, முன்வளையம் வெடித்திருந்தது, நான்கு ஸ்குரூவில் ஒன்று இல்லை. பித்தளையில் வளையம் கடைவது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த ஒரு ஸ்குரூதான் பாடாய்ப் படுத்தியது. மூன்றரை மில்லிமீற்றர் ஸ்குரூ போட்டால் இரண்டு சுற்று அழகாகப் போகும், பிறகு இறுகிவிடும். கொண்டுவந்த தம்பி "இன்னும் கொஞ்சம் திருகுங்க காக்கா" என்று நிற்கிறார்.

வாப்பா கண்பார்வை குறைந்து வேலையை விட்டவர். கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினார். நல்ல ஸ்குரூ ஒன்றை நகத்தால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, "மகன், இது மில்லிமீற்றர் இல்ல. வெள்ளைக்காரன்ட பீ.ஏ. மரை. நாலாம் நம்பர்" என்றார். பீ.ஏ. என்றால் பிரிட்டிஷ் அசோசியேசன், சின்ன ஸ்குரூக்களுக்கு இங்கிலாந்தில் இருந்த தனி அளவுமுறை. அளந்தேன். 3.6 மில்லிமீற்றர் விட்டம், மரை இடைவெளி 0.66. மூன்றரையில் அது 0.6. மரையின் கோணமும் வேறு, பீ.ஏ.யில் 47.5 பாகை. திருகியிருந்தால் எண்பது வருசத்துக் கூட்டின் மரையை நாங்களே அழித்திருப்போம். கடைசியில் பழைய மர்பி ரேடியோ ஒன்றின் உள்ளே அதே ஸ்குரூ கிடந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சாமான் எதைக் கழற்றினாலும் பீ.ஏ. வரும்.

வாப்பா போன வருசம் மௌத்தாகிவிட்டார். அந்த நகம் தடவிய விதத்தை இப்போதுள்ள பொடியன்களுக்கு எப்படிக் காட்டிக்கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன்.

புளியந்தீவு பிரின்டருக்கு ஒரு கேள்வி. டயல்தான் பிழை என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? உள்ளே இருக்கும் காற்றுப்பெட்டியின் தகடு பழசானால் முள் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அதைப் பார்க்காமல் அச்சடித்தவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

அம்பாறை டவுன்:

எங்கள் வீட்டு உயரமானி. அப்பப்பா இரத்மலானை விமானநிலையத்தில் மெக்கானிக்காக இருந்த காலத்தில் கிடைத்தது. கல்லோயாப் பக்கம் வேலைக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தார். அலுமாரி மேல் வைத்து மழை பார்ப்பார். உயரமானி உண்மையில் அளப்பது காற்றமுக்கத்தைத்தான், அமுக்கம் குறைந்தால் உயரே போனதாகக் காட்டும். மழை, புயல் வரும்போதும் அமுக்கம் குறையும். ஒரு மில்லிபார் இறங்கினால் முள் ஏறத்தாழ 30 அடி ஏறும்.

1978 நவம்பர் 23, சூறாவளி அன்று பின்னேரம் முள் ஏறத் தொடங்கியதாம். அம்மா சொல்வது (அப்பப்பாவை அவர் மாமா என்பார்): "மாமா விளக்கோட முன்னுக்கு நிண்டு, வீடு மேல போகுது பிள்ளை, வீடு மேல போகுது எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்." நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அம்மாவுக்கு அப்போது அது என்னவென்று விளங்கவில்லை. மாமா சொன்னதால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பக்கத்துக் கல்வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் கூரை அன்று இரவே போனது.

மீட்டர் தப்பியது. பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டது. அதே மாதிரி ஒன்றைச் செய்து அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, பின்பக்கத்தில் கிரீடமும் 6ஏ என்று தொடங்கும் எண்ணும் இருந்ததாக அம்மா சொல்கிறார். எந்த வகை என்று யாராவது சொல்ல முடியுமா?

அக்கரைப்பற்று சேர்:

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். முன்னாள் மாணவன் ஒருவன் பழைய டயல் ஒன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தான். கண்ணாடி இல்லை. நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போது எண்களின் மேல் இருந்த மண்ணிறப் பூச்சைப் பிளேட்டால் சுரண்டிக்கொண்டிருந்தான், நிறம் பார்த்து அதே மாதிரிக் கலக்க. சுரண்டிய தூளை வாயால் ஊதுகிறான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

எல்லாரும் கவனமாகக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால டயல்களில் இரவில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசினார்கள். இப்போது அது ஒளிராது. அதனால் பயமில்லை என்று நினைப்பது தவறு. செத்துப்போனது ரேடியத்தோடு கலந்து ஒளியைத் தந்த நாக (சிங்க்) சல்பைட்டு மட்டும்தான். ரேடியம் 226இன் அரை ஆயுட்காலம் 1600 வருடம், அது அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடி இருந்தால் அல்பாக் கதிர் வெளியே வராது, காமாக் கதிர் வரும். பெரிய ஆபத்து தூள். மூச்சோடு போனாலும் வாயால் போனாலும் கல்சியம் போல எலும்பில் போய்த் தங்கும். 1920களில் அமெரிக்காவில் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி டயல் எழுதிய பெண்களுக்குத் தாடை எலும்பு அழிந்தது இதனால்தான்.

ஆகவே மூடியைத் திறக்காதீர்கள், மணல்தாள் போடாதீர்கள், துளைக்காதீர்கள். படுக்கையறையில் வைக்காதீர்கள், அதிலிருந்து ரேடன் வாயு வரும். உடைந்திருந்தால் இரட்டைப் பையில் கட்டி, கையைக் கழுவி, இலங்கையில் அணுசக்தியை ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் கேளுங்கள். நிறம் வேண்டுமென்றால் மூடிய கண்ணாடிக்கு மேலால் படம் எடுங்கள். புதிய டயலுக்குச் சாதாரண மஞ்சள் கலந்த வெள்ளைப் பெயின்ட் போதும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம். தபாலில் அனுப்புவதற்கும் சட்டம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

புளியந்தீவு பிரின்டர்:

சேர், நன்றி. ஆனால் அம்பாறை டவுன் கேட்டது உயரமானி எந்த வகை என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கல்முனை லேத்துக்கு: தகட்டை யோசிக்காமல் எழுதவில்லை. மேலே 100, 120இல் முள் சரியாக நின்றது, கீழே மட்டும் பிழை. பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் பழுதாகாத பழைய டயல் இருந்தது. கமராவில் எடுத்தால் ஓரம் வளையும் என்று ஸ்கேனரில் படுக்கவைத்து எடுத்து அனுப்பினார். அதை அதே அளவில் அச்சடித்து அதே முள்ளுக்குக் கீழே வைத்தேன். 4.5க்கு 60, 18க்கு 120. தகடு நல்லாக இருக்கிறது. இந்த முடிவையும் விற்றவருக்கு அனுப்பியிருக்கிறேன். என்னுடைய டயலோடும் நேரே பறக்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற பட்டறை சோதித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் பெரியப்பா பூட்டுவார்.

கல்முனை லேத்:

சரி, மேலே சரியாக நின்றது என்றால் டயல்தான். ஒத்துக்கொள்கிறேன்.

அம்பாறை டவுன், அம்மாவிடம் இரண்டு விசயம் கேளுங்கள். ஒரு முள்ளா, மூன்று முள்ளா? மூன்று என்றால் பத்தாயிரம், ஆயிரம், நூறு என்று பிரித்துக் காட்டும் பிந்திய வகை. அடுத்தது, மில்லிபார் எண் தெரியும் சின்ன ஜன்னல் இருந்ததா?

அம்பாறை டவுன்:

கேட்டேன். மூன்று முள். ஜன்னலும் இருந்ததாம். அப்பப்பா காலையில் கீழே உள்ள குமிழைத் திருகி அந்த எண்ணைத்தான் மாற்றுவார் என்கிறார். மாமா வைத்த எண்ணை வீட்டில் யாரும் தொடக் கூடாதாம்.

கல்முனை லேத்:

அப்படியென்றால் கூட்டின் அளவு எனக்குத் தெரியும். பித்தளையில் கடைந்து தருகிறேன். டயலை புளியந்தீவு அண்ணன் பார்க்கட்டும்.