கிற்றார் கழுத்து மூட்டு: மாரி முடியும்வரை பொறுக்க வேண்டுமா?

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் நான் கையால் செய்துவரும் முதலாவது அக்குஸ்டிக் கிற்றாரின் கழுத்து மூட்டைச் சரிப்படுத்த முடியாமல் மூன்று வாரங்களாகத் தடுமாறுகிறேன்.

உடலும் கழுத்தும் மகோகனி, மேற்பலகை ஸ்ப்ரூஸ். தந்தி நீளம் 645 மி.மீ.; கழுத்து 14ஆம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) உடலோடு சேர்கிறது. மூட்டு பசையில்லாத துளையும் கழுந்தும் (துளைக்குள் செருகும் மர நாக்கு). இரண்டு போல்ற்றுகள் அதை இறுக்குகின்றன. பிரிட்ஜ் (மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) ஏற்கெனவே ஒட்டப்பட்டுள்ளது. பிரெட்டுகளின் மேல் வைத்த நேர்கோல் புரட்டாசியில் பிரிட்ஜின் மேல்விளிம்பைச் சரியாகத் தொட்டது. வடகீழ் பருவமழை தொடங்கிய பின்னர், வாவிக்கரையை ஒட்டிய என் வீட்டில் மேற்பலகை ஈரம் குடித்து வயிறுபோல் உப்பிவிட்டது; இப்போது அதே கோல் 2 மி.மீ. கீழே முட்டுகிறது.

கழுத்தின் உள்ளிருக்கும் கம்பியை முறுக்கிக் கழுத்தை நேராக்கினேன், பயனில்லை. கழுத்தைச் சற்றுப் பின்னே சாய்க்க, கழுத்துக்கும் உடலுக்கும் இடையே சாண்ட் பேப்பர் கீற்றை வைத்து இழுத்து, 90 மி.மீ. ஆழமுள்ள குதியின் (கழுத்து உடலோடு சேரும் தடித்த அடிப்பகுதி) அடியைச் சிறிது தேய்த்தபோது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து, நடுக்கோடு தடித்த தந்தியின் பக்கம் 1.5 மி.மீ. விலகியது. அதை மெல்லிய மரச்சீவல் ஒட்டி மீட்டுவிட்டேன். கணக்கின்படி அடியில் இன்னும் ஏறத்தாழ 0.6 மி.மீ. எடுத்தால் கோல் பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொடும். ஆனால் தை, மாசியில் மேற்பலகை காய்ந்து இறங்கினால் தந்திகள் பிரெட்டில் உரசும் என்று அஞ்சுகிறேன். எடுத்த மரத்தைத் திரும்ப வைப்பது இலகுவல்ல.

நம் கிழக்குக் கரையின் ஈரத்தில் கிற்றார் செய்தவர்கள் சொல்லுங்கள்: இந்த 0.6 மி.மீ.-ஐ இப்போதே எடுப்பதா, உடலை உலர்த்தி மறுபடி அளந்த பின் எடுப்பதா?