நேரு நகர் 4ஆம் தெரு குழு: மோட்டார் அறைப் பூட்டும் பார்சிலோனாவும்

மாலதி: ராத்திரி ரெண்டு மணிக்கு மாடிப்படியில் யாரோ நடக்கிற சத்தம். காலையில் பார்த்தால் மோட்டார் அறைப் பூட்டு உடைந்து தொங்குகிறது. வாட்ச்மேனும் நின்றுவிட்டார், சங்கத் தலைவரும் ராஜினாமா. இனி யாரிடம் போய்ச் சொல்வது?

பிரபு: பின் தெருவில் ஐந்து பேர் முகமூடியோடு வந்தார்களாம்

ஜெயந்தி: யார் சொன்னது?

பிரபு: பால்காரர்

ஜெயந்தி: போன மாதம் சிறுத்தை வந்தது என்றாரே, அவரா

கோபால் மாமா: தலைவர் இல்லாத தெரு அராஜகம்தான். கண்டிப்பான ஆள் ஒருவர் வேண்டும்.

ஜெயந்தி: கண்டிப்பான ஆள் பொங்கல் வசூல் கணக்கை இன்னும் காட்டவில்லை மாமா

கோபால் மாமா: அதை இங்கே இழுக்காதே

சேகர்: மாமா, தலைவர் இல்லாவிட்டால் எல்லாம் நாசம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிப்போவில் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் எனக்கு ஸ்பெயினின் பார்சிலோனா டிராம்தான் நினைவுக்கு வருகிறது. 1936 ஜூலை 19 அன்று, குடியரசு அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய ராணுவம் அந்த ஊரைப் பிடிக்க இறங்கியது. சி.என்.டி. என்று 1910இல் தொடங்கிய தொழிற்சங்கம், அனார்க்கிஸ்டுகளுடையது, அதாவது அரசே வேண்டாம் என்பவர்களுடையது. அந்தத் தொழிலாளர்கள் தெருவில் தடுப்பு போட்டு ராணுவத்தை மடக்கினார்கள். அரசுக்கு விசுவாசமான காவல்படையினரும் கூட நின்றார்கள். சண்டை ஓய்ந்தபோது தெருக்கல் எல்லாம் பெயர்ந்து, டிராம் மின்கம்பி அறுந்து கிடந்தது. கம்பெனி நிர்வாகிகள் இல்லை. டிரைவர், கண்டக்டர், பணிமனை ஆட்கள் என்று ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது. அவர்களே கம்பி இழுத்து, சில நாளிலேயே வண்டியை ஓட்டிக் காட்டினார்கள், கறுப்பும் சிவப்பும் பூசி. ஒரு பணிமனையை உள்ளே இருந்து பார்த்தவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

லலிதா ஆன்ட்டி: டிரம் யாரிடம் இருக்கிறது? சனிக்கிழமை வளைகாப்புக்குத் தண்ணீர் பிடிக்க எனக்கும் ரெண்டு வேண்டும்

பிரபு: ஆன்ட்டி அது டிராம்

பிரபு: அண்ணே, திருடன் விஷயம்...

சேகர்: அதற்குத்தான் வருகிறேன் தம்பி.

கோபால் மாமா: டிராம் ஓட்டலாம் சேகர். ராணுவம் திரும்பி வந்தால்? கை தூக்கி ஓட்டு எடுத்துவிட்டா சுடுவார்கள்?

சேகர்: இதுதான் முக்கியமான கேள்வி மாமா. ஜூலை 24 அன்று துருத்தி என்ற தொழிலாளியின் தலைமையில் ஒரு தொண்டர் படை, கலக ராணுவம் பிடித்திருந்த சரகோசா நகரை நோக்கிக் கிளம்பியது. சின்னக் குழுவுக்கு ஒரு பிரதிநிதி, சுமார் நூறு பேருக்கு ஒருவர், எல்லோரும் படையினரே தேர்ந்தெடுத்தவர்கள். சரியில்லை என்றால் அவர்களே மாற்றலாம். சல்யூட் கிடையாது. தலைவருக்கும் தொண்டருக்கும் ஒரே படி, நாளுக்கு 10 பெசேட்டா, அந்த ஊர்ப் பணம். போர் தெரிந்த ராணுவ அதிகாரி ஆலோசனைக்குக் கூடவே இருந்தார். ஆக, திட்டம் போடும்போது பேச்சு, சண்டை தொடங்கியதும் ஒத்துக்கொண்டபடி நடப்பது. போர்முனைக்குப் பின்னால் அரகோன் பகுதிக் கிராமங்கள் நிலத்தைச் சேர்ந்து உழுது அந்தப் படைக்குச் சோறு போட்டன. பல ஊர்களில் பணத்துக்குப் பதில் சீட்டுதான்.

மாலதி: சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது, ஜெயந்தி அக்கா இந்த மாதச் சீட்டுப் பணம்?

ஜெயந்தி: வெள்ளிக்கிழமை தருகிறேன்

கோபால் மாமா: சரகோசாவைப் பிடித்தார்களா?

சேகர்: இல்லை.

கோபால் மாமா: 👍

சேகர்: கட்டைவிரல் காட்டாதீர்கள் மாமா. துப்பாக்கியும் தோட்டாவும் போதவில்லை. கலக ராணுவத்தின் தளபதி ஃபிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானம் தந்தார்கள். குடியரசுக்கு ஆயுதம் விற்றது பெரும்பாலும் சோவியத், அதனால் அங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் கை ஓங்கியது. ஒவ்வொரு படையும் தனித்தனியாக நின்றது பெரிய பலவீனம், அதை மறுக்கவில்லை. அரசே வேண்டாம் என்றவர்கள் 1936 நவம்பரில் நான்கு அமைச்சர் பதவிகளை ஏற்றார்கள். அதே மாதம் 20ஆம் தேதி மாட்ரிட்டில் துருத்தி இறந்தார். 1937 மே 3 அன்று, தொழிலாளர் குழு நடத்திய தொலைபேசி நிலையத்தைப் பிடிக்க அரசு போலீசை அனுப்பியது. அதற்குச் சற்று முன் ஜனாதிபதியின் அழைப்பையே ஆபரேட்டர் இடைமறித்து, லைனுக்கு இதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்றார் என்பார்கள்.

ஜெயந்தி: 😂 அந்த ஆபரேட்டரை நம் சங்கத்துக்குக் கூப்பிடுங்கள்

சேகர்: சிரிக்கிற முடிவு இல்லை ஜெயந்தி. நாலைந்து நாள் தெருச் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஆகஸ்டில், அந்த அரகோன் பகுதியை நடத்திய அனார்க்கிஸ்ட் சபையைக் கலைத்தது ஃபிராங்கோ இல்லை, குடியரசின் படை. 1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனாவே ஃபிராங்கோவிடம் விழுந்தது. கூட நிற்க வேண்டியவனே முதுகில் குத்தினால் எந்தச் சமூகம் தாங்கும்? தலைவர் இல்லாததால் தோற்றார்கள் என்று சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

கோபால் மாமா: முதுகில் குத்துவது பற்றி என் காம்பவுண்ட் சுவரைக் கேள்

பிரபு: மாமா அது 2009

கோபால் மாமா: சுவர் இன்னும் அங்கேதான் இருக்கிறது

மாலதி: பேசி முடியுங்கள், இன்று ராத்திரி யார் காவல்?

சேகர்: ராத்திரிக்கு ரெண்டு வீடு, முறை வைத்துப் போவோம். கையில் விசில், டார்ச் போதும், யாரையும் அடிக்கக் கூடாது, விசில் கேட்டால் எல்லோரும் விளக்கைப் போடணும், போலீசுக்குச் சொல்லணும். சாவியும் கணக்கும் ஒருவரிடம் மாதம் ஒருமுறை மாறட்டும். வரவு செலவு வாரா வாரம் இங்கே. மூன்று வீடு கேட்டால் ஆளை மாற்றலாம்.

ஜெயந்தி: கணக்கு வாரா வாரம் 👏👏

கோபால் மாமா: இது என்னைக் குத்துகிற ஷரத்து

சேகர்: யாருக்கும் பொருந்தும் மாமா, எனக்கும்தான். முதல் மாதம் நீங்களே சாவியை வைத்திருங்கள்.

பிரபு: இன்று எனக்கு நைட் ஷிப்ட்

மாலதி: எங்கள் வீட்டில் அவருக்குக் காய்ச்சல்

சேகர்: நான் இருக்கிறேன். கூட ஒருவர் வேண்டும்.

லலிதா ஆன்ட்டி: என் மகனை அனுப்புகிறேன். டிரம் கிடைத்ததா?

கோபால் மாமா: சாவி எனக்கு வேண்டாம். பூட்டு நான் வாங்கித் தருகிறேன், பில்லோடு.